"பிடுங்கிட்டா ஒரே செலவு"

என் ரூம்மேட்டுக்குக் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் வீடு. போன செமஸ்டர் லீவில் அவன் அம்மாவைக் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பல் கிளினிக்குக் கூட்டிட்டுப் போனான். பல் தேய்த்தால் ரத்தம், முன்பல் ரெண்டு ஆட்டம். ஈறு நோய்னு சொன்ன டாக்டர், வேர் வரைக்கும் சுத்தம் பண்ண 3,500 ரூபாய், ரெண்டு தடவை வரணும், அப்புறம் மூணு மாசத்துக்கு ஒருமுறை க்ளீனிங், தடவைக்கு 800 என்றார். பிடுங்க எவ்வளவுன்னு அம்மா கேட்டாங்க. பல்லுக்கு 300. "அப்ப பிடுங்கிடுங்க சார், ஒரே செலவோட போகட்டும்."

டாக்டர் சொன்ன வைத்தியத்தில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு உறுத்துது.

க்ளீனிங்னா நமக்கு என்ன தோணும்? கல்யாணத்துக்கு முன்னாடி பல்லை வெள்ளையாக்குற வேலை. ஈறு நோய்க்காரங்களுக்குக் கதையே வேற. பல்லில் படியும் அழுக்கு காரையாக இறுகி ஈறுக்கு அடியில் இறங்குது. பல்லைப் பிடிச்சிருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுது. பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. கரைஞ்ச எலும்பு தானா வளராது, மேற்கொண்டு கரையாம நிறுத்தத்தான் முடியும். ஒருமுறை சுத்தம் பண்ணினாலும் கிருமி திரும்ப வரும். அதனாலதான் மூணு மாசக் கணக்கு. பிபி மாத்திரை மாதிரி இது தொடர் வைத்தியம். (க்ளீன் பண்ணினா பல் ஆடும்னு உங்க வீட்லயும் சொல்வாங்க. ஏற்கெனவே எலும்பு இல்லாத பல்லைக் காரைதான் முட்டுக் கொடுத்திருக்கும். மலையில் விளையும் கடுக்காய்ப் பொடியும் சரி, நம்ம விலை உயர்ந்த பேஸ்ட்டும் சரி, இறுகின காரையை எடுக்காது.)

இப்ப மலையில் இருந்து கணக்குப் போடுங்க. க்ளீனிங் 800 மட்டுமா? கச்சிராயபாளையம் வழியா இறங்கி ஏற பஸ், துணைக்கு ஒரு ஆள், மரவள்ளி வேலையில் ரெண்டு பேர் கூலி போச்சு. இதை வருஷத்துக்கு நாலு தடவை, வாழ்நாள் முழுக்க. அரசு மருத்துவமனைக்குப் போனால் க்ளீனிங் காசு மிச்சம். பஸ்ஸும் கூலியும் அப்படியேதான். மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தாலும், விபத்தில் அடிபட்டால் தவிரப் பல் வேலையைப் பெரும்பாலான பாலிசிகள் சேர்ப்பதில்லை. இந்த நிலையில் பிடுங்கச் சொன்ன அந்த அம்மாவை அறியாமைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிபிக்கும் மாத்திரை வீட்டுக்கே வருது. சர்க்கரை கூடினா ஈறு நோய் முத்தும், ஈறு நோய் முத்தினா சர்க்கரை அடங்காது. ஒண்ணைத் தேடிப் போறோம், இன்னொண்ணை மலை இறங்கி வரச் சொல்றோம். மாத்திரையைப் பையில் கொண்டு போகலாம், பல் நாற்காலியை எப்படின்னு கேட்பீங்க. நம்ம டிபார்ட்மென்ட் ஆளுங்களே கேட்கக் கூடாத கேள்வி அது! காரை எடுக்கும் கருவியின் முனை நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும், பெரும்பாலும் பீசோ படிகம்தான். அதோட தண்ணீர், உறிஞ்சும் மோட்டார், கிருமி நீக்கும் பாத்திரம், மடக்கு நாற்காலி. ஒரு வேனில் அடங்கும். பெட்டியில் அடங்கும் கருவிகளே கடையில் இருக்கு.

கஷ்டம் டாக்டருக்குத்தான், ஒத்துக்கிறேன். அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில்தான். ஆனா கள்ளக்குறிச்சியில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி நடக்குது. மாசத்தில் ஒரு நாள், தேதி மாறாமல், மலையில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் க்ளீனிங்னு வைக்கட்டும். முகாம் போட்டு ஃபோட்டோ எடுத்துட்டுப் போறதை நான் கேட்கலை. மூணு மாசம் கழிச்சு அதே ஆள் திரும்ப வந்தாரா, வரலைன்னா ஏன்னு பார்க்க ஒரு நோட்டு வேணும்.

ரூம்மேட்டோட அம்மா அன்னைக்கே ரெண்டு பல்லையும் எடுத்துட்டாங்க. வயசு 45. கீழ் வரிசையில் இன்னொண்ணு ஆடுதுன்னு நேத்து ஃபோனில் சொன்னாங்களாம்.