இரண்டு பெண்கள், ஒரு வாக்கு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, 2014 மார்ச் 23, காஜாங் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல். நானும் இந்தத் தொகுதி வாக்காளர்தான். போன மே மாதம் வெயிலில் வரிசை பிடித்து, விரலில் மை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அந்த மை அன்று மாலையே பாத்திரம் கழுவும்போது போனது வேறு கதை. ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, நாங்கள் தேர்ந்தெடுத்தவர் ஜனவரியில் பதவி விலகிவிட்டார். அன்வார் இங்கே நின்று ஜெயித்து, சிலாங்கூர் மந்திரி புசார் ஆகப்போகிறார் என்று ஊரே பேசியது. மார்ச் 7ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டு சிறைத்தண்டனை விதித்தது. 11ஆம் தேதி வேட்புமனுத் தாக்கலில் அவர் இடத்தில் நின்றவர் அவருடைய மனைவி டாக்டர் வான் அசிசா. எதிரே ம.சீ.ச.வின் சியூ மேய் ஃபன். நேரடிப் போட்டி.

"ரெண்டு பக்கமும் பொம்பளதான் நிக்குது. இப்ப சந்தோஷம்தானேம்மா?" என்று கேட்டார் எங்கள் வரிசையில் குடியிருக்கும் அங்கிள். நான் பெண்ணுரிமை பேசுகிறவள் என்று தாமானில் ஒரு பெயர் உண்டு.

சந்தோஷம்தானா என்றுதான் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வான் அசிசா அயர்லாந்தில் மருத்துவம் படித்தவர், கண் மருத்துவர். பதினான்கு ஆண்டுகள் அரசாங்க மருத்துவராக இருந்துவிட்டு, 1993இல் கணவர் துணைப் பிரதமரானபோது வேலையை விட்டார். கணவர் உயர்ந்ததற்காக ஒரு தடவை தொழிலை விட்டவர், கணவர் வீழ்ந்ததற்காக 1998இல் தெருவுக்கு வந்தார், ஆறு பிள்ளைகளின் தாயாக. 1999இல் கணவரின் தொகுதியான பெர்மாத்தாங் பாவில் நின்று வென்றார். 2008இல் கணவருக்கு மறுபடியும் போட்டியிட வழி பிறந்ததும் தொகுதியைக் காலி செய்து கொடுத்தார். அப்போது அவர் நாடாளுமன்ற எதிர்க்கட்சித் தலைவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான். சில மாதங்களில் அதுவும் கணவரிடம் போய்ச் சேர்ந்தது. இப்போது காஜாங்.

இந்த வரிசையைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் இதே வரிசையில் இன்னொன்றும் இருக்கிறது. 2004 பொதுத்தேர்தலில் கெஅடிலான் கட்சி நாடு முழுக்க வென்றது ஒரே ஒரு நாடாளுமன்றத் தொகுதி. அது பெர்மாத்தாங் பாவ், வித்தியாசம் 590 வாக்கு. கணவர் சிறையில். கட்சியில் எஞ்சியிருந்த ஒரே நாடாளுமன்ற உறுப்பினர் இந்த அம்மாதான். நாற்காலியைச் சூடாக வைத்திருந்தார் என்று கேலி பேசுகிறோமே, அன்று அவர் தோற்றிருந்தால் சூடாக வைக்க நாற்காலியே இருந்திருக்காது.

என் அம்மாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. இருபத்தைந்து வருஷம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1998இலிருந்தே வான் அசிசா என்றால் அவருக்கு ஒரு மரியாதை. "புருஷன் மேல இவ்ளோ பழி வந்தும் விட்டுட்டு ஓடாம நின்னா பாரு, அதுதான் பொம்பள" என்பார். அம்மா வயதுக்காரர்கள் நிறைய பேர் இப்படித்தான் பேசுகிறார்கள். அவர்களுக்கு இந்த அம்மா ஒரு கண்ணகி. எனக்கு இடிப்பதும் அங்கேதான். நான் எதற்காகத் தயங்குகிறேனோ அதற்காகவே அம்மா ஓட்டுப் போடுகிறார். ஒரு பெண் சட்டமன்றத்துக்குப் போக, அவள் பத்தினி என்பது தகுதியா? ஆண் வேட்பாளர் நல்ல புருஷனா என்று நாம் யாரும் கேட்டதில்லை. கேட்கத் தொடங்கினால் வேட்பாளர் கிடைப்பது கஷ்டம்.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைத் தங்கச்சிக்கு இருபத்து நான்கு வயது. "அக்கா, நாமெல்லாம் சியூவுக்குத்தான் போடணும், அவங்கதான் சொந்தக் கால்ல நிக்கிறாங்க" என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சியூ மேய் ஃபன் 1999 முதல் 2008 வரை பெட்டாலிங் ஜெயா உத்தாரா நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அவர் யாருடைய மனைவி என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் இருந்ததில்லை. அரசியலில் ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு அபூர்வம்! ஆண் என்றால் பெயர் தனியாக நிற்கும். பத்து காவானில் கஸ்தூரிராணியைச் சொல்லும்போது இன்றைக்கும் 'பி.பட்டுவின் மகள்' என்று ஒட்டு சேர்த்துத்தான் சொல்கிறோம். சிறிமாவோ 1960இல் உலகத்தின் முதல் பெண் பிரதமரானதும் கணவர் கொல்லப்பட்ட பிறகுதான்.

ஆனால் சியூவுக்கு நான் போடும் வாக்கு அவரோடு நிற்காது, தேசிய முன்னணியின் கணக்கில் போய் விழும். அந்தக் கணக்கில் எனக்கு வேறு பாக்கிகள் இருக்கின்றன. பெண் என்று பார்த்தால் கட்சி மறைகிறது, கட்சி என்று பார்த்தால் பெண் மறைந்துபோகிறாள். சட்டமன்றத்துக்கு யார் போனாலும் ஒரு பெண் போகிறாள் என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம். இந்த 2014இல் நாடாளுமன்றத்தின் 222 பேரில் பெண்கள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் என்னும்போது அது சின்ன ஆறுதலும் இல்லை.

என் எரிச்சலுக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. என் கணவர் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பொருளாளராக இருந்தார். முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரால் போக முடியவில்லை, நீங்க வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒன்றரை வருஷம் பார்த்துக்கொண்டேன். விளையாட்டுப் போட்டிக் கணக்கு, பேருந்துக் கட்டணம், நன்கொடை ரசீது எல்லாம். கூட்ட அழைப்பு மட்டும் கடைசிவரை அவர் பெயருக்கே வந்தது. அவர் நடக்க ஆரம்பித்ததும் அடுத்த கூட்டத்துக்கு அவரையே கூப்பிட்டார்கள். அவரையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. அவர் போய் உட்கார்ந்து, அங்கிருந்து எனக்குப் போன் பண்ணி, "ரசீது புக்கு எங்கே இருக்கு?" என்றார்.

இரண்டாவது அலமாரி, மூன்றாவது தட்டு என்று சொன்னேன்.

அதனால்தான் வான் அசிசாவை 'பதிலாள்' என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்கிறது. அப்படிச் சொல்வதில் உண்மை இருப்பதால் இன்னும் அதிகமாக. கணவருக்குப் பதிலாக என்ற அந்தச் சின்னக் கதவு இல்லையென்றால் நானும் அந்தக் கூட்ட அறைக்குள் போயிருக்க மாட்டேன். இரட்டைப் பதிவேடு எழுதத் தெரிந்தவள் என்று யாரும் என்னைத் தேடி வந்திருக்கவில்லை.

இந்த முறை பிரச்சாரம் அடங்கித்தான் நடக்கிறது. 239 பேரோடு காணாமல் போன விமானத்தின் செய்திக்காக நாடே காத்திருக்கும்போது யாருக்கும் கொட்டு மேளத்தோடு ஓட்டுக் கேட்க மனம் வரவில்லை. அதனால் கைகொடுத்துப் பேசுவதற்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. வான் அசிசா எங்கள் தாமானுக்கு வந்தால் ஒன்று கேட்கலாம் என்றிருக்கிறேன். இந்த நாட்டில் இதுவரை எந்த மாநிலத்துக்கும் ஒரு பெண் மந்திரி புசாராகவோ முதலமைச்சராகவோ வந்ததில்லை. நாளைக்கு அப்படி ஒரு வாய்ப்பு உங்கள் முன்னால் வந்தால், அதை உங்களுக்காக எடுத்துக்கொள்வீர்களா, டாக்டர்? மேல்முறையீட்டில் உங்கள் கணவர் விடுதலையானால், காஜாங்கையும் காலி செய்து கொடுப்பீர்களா?

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "வீட்டுக்கு வந்தவங்களப் போயி இப்படியா கேப்பாங்க? முதல்ல தண்ணி கலக்கிக் குடு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பரவால்ல, கேளு. என்னா சொல்றாங்கன்னு எனக்கும் சொல்லு" என்றார்.