பச்சையா, ரைனோவா?

என்னோட பொட்டி தட்டற கூட்டத்துல இப்ப இக்வானா ஜுரம். நம்மூர் ஓணானை அஞ்சு ஆறடிக்கு இழுத்துவிட்ட மாதிரி இருக்குமே, அந்த அமெரிக்கக் கண்டத்துச் சமாச்சாரம். தில்லைநகர்ல ஃப்ளாட் வாங்கின கையோட ஒருத்தன் கேக்கறான், "மச்சி, பச்சையா, ரைனோவா, எது பெட்டர்?" என்னமோ பல்சரா அப்பாச்சியான்னு கேக்கற மாதிரி!

ரெண்டும் வேணாம்டா சாமி.

ரைனோ, ஹைத்தி இருக்கற ஹிஸ்பானியோலா தீவுக்காரன். மூக்கு மேல கொம்பு மாதிரி இருக்கறதால அந்தப் பேர். சைட்டிஸ் ஒப்பந்தத்துல முதல் பட்டியல். காட்டுல பிடிச்சதை நாடு விட்டு நாடு வியாபாரம் பண்ணவே கூடாது. 'பேப்பர் எல்லாம் பக்கா சார்'னு ஒருத்தன் விக்கறான்னா முதல்ல பேப்பரைத்தான் சந்தேகப்படணும். 2023 ஜூலையில நம்ம திருச்சி ஏர்போர்ட்ல, கோலாலம்பூர்ல இருந்து வந்தவர் பெட்டியில 47 மலைப்பாம்பும் 2 பல்லியும் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?

பச்சை ரெண்டாம் பட்டியல். 2024 விதிப்படி பரிவேஷ் தளத்துல பதிவு பண்ணிட்டு வச்சுக்கலாம்தான். கடையில சொல்ற 'சிவப்பு', 'நீலம்' எல்லாம் தனி இனம் இல்லீங்க, பச்சையோட கலர் மாறின குட்டிங்க. நிஜ நீலம் கிராண்ட் கேமன் தீவுல மட்டும்தான். 2002 வாக்குல காட்டுல 25-ஐத் தாண்டாதுங்கற நிலைமை. மெனக்கெட்டு வளர்த்து ஆயிரம் ஆக்கினாங்க. அதே தீவுல வெளியிலிருந்து வந்த பச்சை பெருத்துப் போய், 2018 அக்டோபர்ல இருந்து பத்து லட்சத்துக்கு மேல கொன்னு தள்ளினாங்க!

கடையில உள்ளங்கை சைஸ்ல அழகாத்தான் இருக்கும். அப்புறம் 15, 20 வருஷம் வாழும். ஏற மரம், தின்ன தழை, புற ஊதா வெளிச்சம் எல்லாம் வேணும். இல்லேன்னா கால்சியம் சேராம தாடை வீங்கி எலும்பு வளைஞ்சுடும். சீசன் வந்தா ஆண் இக்வானா தழை போட்ட கையையே கடிக்கும், வாலால விளாசும். ஆன்சைட் கிடைச்சா நீ நியூஜெர்சி போயிடுவே. யாருப்பா பாத்துக்கறது? உங்கம்மாவா? ஸ்ரீரங்கத்துல பல்லி மேல விழுந்தாலே பஞ்சாங்கத்தைப் புரட்டறவங்க :-)

கடைசியில ராத்திரியோட ராத்திரியா கொள்ளிடக் கரையில விட்டுட்டு வருவே. அங்கதான் எனக்கு வயித்தைக் கலக்குது. ஃப்ளோரிடாவுல பெருகினதுக்கு இந்தக் கைகழுவலும் ஒரு காரணம். 2021-ல புதுசா வாங்கி வளர்க்கத் தடையே போட்டாங்க. அங்கயாவது குளிர் அடிச்சா மரத்துல இருந்து விறைச்சுப் பொத்து பொத்துனு விழுது. திருச்சியில ஏதுங்க குளிர்? மார்கழியில ஸ்வெட்டர் போட்டா உத்தர வீதியே சிரிக்கும். வாழைத்தோப்பு, முட்டை வைக்க ஆத்து மணல், வருஷம் பூரா வெயில். நானே இக்வானாவா இருந்தா இங்கதான் செட்டில் ஆவேன்.

இத்தனைக்கும் நம்ம உடும்பு இதே மண்ணுல இருக்கு. அட்டவணை ஒண்ணு, பிடிச்சு வளர்த்தா மூணுல இருந்து ஏழு வருஷம் உள்ள. ஆனா பாக்கறதுக்குக் காசு கிடையாது. இக்வானாதான் வேணும்னு அடம் பிடிச்சா, வடநெம்மேலி முதலைப் பண்ணையில டிக்கெட் எடுத்துப் பாத்துட்டு வா மச்சி.