குப்பைத்தொட்டி அணிந்தவரின் தேர்தல் அறிக்கை

2024 ஜூலை 5, விடியற்காலை. வடக்கு இங்கிலாந்தில் தன் தொகுதியை வென்று ஆட்சியை இழந்த பிரதமர் ரிஷி சுனக், வாக்கு எண்ணும் மேடையில் தோல்வியை ஒப்புக்கொண்டு பேசினார். மேடையில் நின்ற சக வேட்பாளர்களில் இருவர் உலகத் தொலைக்காட்சிகளின் கண்ணில் பட்டார்கள். ஒருவர், குப்பைத்தொட்டி வடிவக் கவசத்தைத் தலையில் மாட்டிய ‘கவுண்ட் பின்ஃபேஸ்’. இன்னொருவர், சுனக்கின் முதுகுக்குப் பின்னால் நின்று, ‘தோற்றாங்குளி’ என்று கேலி செய்யும் ஓர் எழுத்தைத் தாளில் எழுதித் தூக்கிக் காட்டிய யூடியூபர்.

இருவரையும் கோமாளி வேட்பாளர்கள் என்று ஒரே பட்டியலில் சேர்ப்பது சரியல்ல. தோற்றவரைப் பார்த்துத் தோற்றவர் என்று சொல்ல வேட்புமனு தேவையில்லை. பின்ஃபேஸ் ஒரு தேர்தல் அறிக்கையோடு வந்தவர். அதைப் படித்து, மற்ற அறிக்கைகளை எடைபோடுவது போலவே எடைபோட வேண்டும்.

பிரிட்டனில் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட 10 வாக்காளர்களின் கையெழுத்தும் 500 பவுண்டு வைப்புத்தொகையும் போதும். பதிவான வாக்கில் 5 சதவீதம் வாங்காவிட்டால் பணம் போய்விடும். 1985இல் நிர்ணயித்த தொகை இன்றுவரை உயரவில்லை. முடிவு அறிவிக்கும்போது வேட்பாளர்கள் எல்லோரும் ஒரே மேடையில் நிற்பது அங்கே வழக்கம். பிரதமருக்கும் விலக்கு இல்லை. 1987இல் மார்கரெட் தாட்சரை எதிர்த்து ‘லார்ட் பக்கெட்ஹெட்’ என்ற பெயரில் வாளி வடிவ முகமூடிக்காரர் ஒருவர் நின்று 131 வாக்கு வாங்கினார். 2017இல் அதே வேடத்தில் தெரசா மேக்கு எதிராக நின்றவர் நகைச்சுவை எழுத்தாளர் ஜான் ஹார்வி. அவருக்கு 249 வாக்கு. அந்தப் பாத்திரத்தின் உரிமை பற்றித் தகராறு எழவே, 2019இல் போரிஸ் ஜான்சனை எதிர்க்கும்போது வாளியைக் கழற்றிவிட்டுக் குப்பைத்தொட்டியை மாட்டிக்கொண்டார்.

அவருடைய வாக்குறுதிகளில் சில வெறும் சிரிப்புக்குத்தான். குரோசான் ரொட்டியின் விலைக்கு 1 பவுண்டு 10 பென்ஸ் உச்சவரம்பு, மூடப்பட்ட சீஃபேக்ஸ் தொலைக்காட்சிச் செய்திச் சேவைக்கு மறுபிறவி போன்றவை அந்த வகை. ஆனால் குடிநீர், கழிவுநீர் நிறுவனங்களின் தலைவர்கள் ஆற்றில் முங்கிக் குளித்துப் பார்க்கட்டும் என்ற கோரிக்கையை அப்படி ஒதுக்க முடியாது. இங்கிலாந்தில் இந்தச் சேவை 1989இல் தனியார்மயமானது. 2023இல் மட்டும் அங்குள்ள ஆறுகளிலும் கடலோரங்களிலும் சுத்திகரிக்காத கழிவுநீர் கலந்த மழைநீர் 36 லட்சம் மணி நேரத்துக்கு மேல் திறந்துவிடப்பட்டது. அரசின் சுற்றுச்சூழல் முகமையே வெளியிட்ட கணக்கு இது. பெரிய கட்சிகளின் அறிக்கைகளில் ஒழுங்குமுறை, அபராதம், முதலீடு என்று பத்தி பத்தியாக எழுதியிருந்ததை இவர் ஒரே வரியில் பொறுப்பானவரின் உடம்போடு சேர்த்துக் கட்டிவிட்டார். லண்டனில் கட்டுப்படியாகும் விலையில் ‘குறைந்தது ஒரு வீடாவது’ கட்டுவேன் என்றாரே, அதுவும் இதே ரகம். ஆயிரக்கணக்கில் கட்டுவதாக வாக்குறுதி தந்துவிட்டுக் கைவிரித்தவர்களுக்கு அந்த ‘ஒன்று’ சுருக்கென்று தைத்திருக்கும்.

2024 மே மாத லண்டன் மேயர் தேர்தலில் இவருக்கு 24,260 வாக்கு கிடைத்தது. குடியேறிகளுக்கு எதிராக வெறுப்பைக் கிளப்பும் ‘பிரிட்டன் ஃபர்ஸ்ட்’ கட்சிக்குக் கிடைத்தது 20,519. அந்தக் கட்சியைக் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் நிறுத்திய வாக்காளர்கள் வாக்கை வீணடித்ததாகச் சொல்வது அநியாயம்.

இந்த மரபின் மூத்தவர் ராக் பாடகர் ‘ஸ்க்ரீமிங் லார்ட் சட்ச்’. 1963இல் ஓர் இடைத்தேர்தலில் 18 வயதில் வாக்குரிமை வேண்டும், தனியார் வானொலி வேண்டும் என்று கேட்டு நின்றபோது கிடைத்தவை 209 வாக்குகள். 18 வயது வாக்குரிமைச் சட்டம் 1969இல் நிறைவேறியது. 1973இல் சட்டபூர்வமான தனியார் வானொலியும் ஒலித்தது. இவை சட்சால் வந்தவை என்று சொல்வது மிகை. பெரிய கட்சிகள் காதில் போட்டுக்கொள்ளாத கோரிக்கையை வாக்குச்சீட்டில் முன்கூட்டியே ஏற்றியவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. 1990இல் பூட்டில் இடைத்தேர்தலில் அவருடைய கட்சி 418 வாக்கு வாங்க, முன்னாள் வெளியுறவு அமைச்சர் டேவிட் ஓவனின் சமூக ஜனநாயகக் கட்சி 155 வாக்கோடு பின்தங்கியது. அடுத்த மாதத் தொடக்கத்திலேயே ஓவன் கடையைக் கட்டினார்.

சிரிப்பு எப்போதும் நல்லதே செய்யும் என்று நம்பிவிடவும் முடியாது. 2010இல் பிரேசிலில் சர்க்கஸ் கோமாளியாக இருந்த டிரிரிக்கா, நாடாளுமன்ற உறுப்பினரின் வேலை என்னவென்று தனக்குத் தெரியாது, வாக்களித்தால் தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன் என்று பிரசாரம் செய்தார். கிடைத்தவை 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள். அந்த ஆண்டு நாடாளுமன்றக் கீழவைக்கு நின்றவர்களில் நாட்டிலேயே அதிகம். அவர் சுயேச்சையல்ல, ஒரு கட்சியின் பட்டியலில் நின்றவர். அந்நாட்டு விகிதாசார முறைப்படி அவருடைய உபரி வாக்குகள் கூட்டணியில் இருந்த, மக்கள் பெரிதாக ஆதரிக்காத மற்றவர்களையும் உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தன. வாக்காளரின் கோபத்தை அறுவடை செய்தவை, அந்தக் கோபத்துக்குக் காரணமான கட்சிகளே. கொள்கையில்லாத கேலிக்கு இந்த ஆபத்து உண்டு. பின்ஃபேஸின் பகடி அதிகாரத்தில் இருப்பவரிடம் ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறது. டிரிரிக்காவின் பகடி அப்படி எதையும் கேட்கவில்லை.

கேள்வி கேட்பதற்காகவே வேட்பாளராவது இந்தியாவிலும் நடந்திருக்கிறது. 1996 மக்களவைத் தேர்தலில் நல்கொண்டாவில் 480 பேர் களத்தில் நின்றார்கள். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கலந்து எலும்பு வளைந்துபோன ஒரு மாவட்டத்தின் முறையீடு அது. அதே ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் ஈரோட்டுப் பக்கத்து மொடக்குறிச்சியில் விவசாயிகள் மனுவாகக் குவிக்க, வேட்பாளர் எண்ணிக்கை 1,033 ஆகி வாக்குச்சீட்டு புத்தகமானது. பலர் இதை வேடிக்கையாகப் பார்த்தார்கள். நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, மக்களவைக்கான வைப்புத்தொகையை 500 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கியது. 1996இல் நாடு முழுவதும் 13,952 ஆக இருந்த வேட்பாளர் எண்ணிக்கை 1998இல் 4,750 ஆகச் சரிந்தது. இன்று அந்தத் தொகை 25,000 ரூபாய்.

அவ்வளவு பெரிய வாக்குச்சீட்டோடு தேர்தல் நடத்துவது கஷ்டம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 2019இல் நிஜாமாபாத்தில் 185 வேட்பாளர்கள் நின்றபோதும் மின்னணு இயந்திரங்களைக் கொண்டே தேர்தல் நடந்து முடிந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் மஞ்சள் வாரியம் கேட்ட விவசாயிகள். 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது.

2024இல் பிரதமர் மோடியின் குரலையும் பாவனையையும் நடித்துக்காட்டிப் பெயர்பெற்ற ராஜஸ்தான் கலைஞர் ஷியாம் ரங்கீலா, வாராணசியில் மோடியை எதிர்த்து மனு கொடுத்தார். உறுதிமொழி எடுக்கவில்லை என்று மனு தள்ளுபடியானது. கடைசியில் அங்கே களத்தில் நின்றவர்கள் 7 பேர். அவர் நின்றிருந்தால் என்ன கேட்டிருப்பார், அதற்கு வாராணசி எத்தனை வாக்கு தந்திருக்கும் என்பது கணக்கிலேயே வராமல் போனது. ஒரு நாட்டின் பிரதமர் தன்னைக் கேலி செய்பவரோடு ஒரே வாக்குப்பதிவு இயந்திரத்தில் இடம்பெறுவதால் ஜனநாயகத்துக்குக் கேடு வந்துவிடாது. உறுதிமொழி போன்ற குறைகளைச் சரிசெய்யத் தேர்தல் அதிகாரி வேட்பாளருக்கு எழுத்துபூர்வமாக ஒருநாள் அவகாசம் தர வேண்டும். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்கு 10 பேர் வேண்டும் என்ற பாகுபாட்டையும் அடுத்த மக்களவைத் தேர்தலுக்கு முன்பாக நாடாளுமன்றம் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.