இளம் விவசாய விஞ்ஞானிகளும் கிராமத்தாரின் பொறுப்பும்

விவசாயக் கலாசாலையில் பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர் அந்நாளிலேயே விஞ்ஞானியாகி விடுவதில்லை. நாற்றங்காலில் செழித்த நாற்று, நடவு வயலில் வேர் பிடித்த பின்னரே பயிர் என்று மதிக்கப்படும். அவ்வாறே, ஏட்டில் கற்றதை ஒரு நிலத்தில் வைத்துச் சோதித்து, தவறியதைத் திருத்தி, மீண்டும் சோதிக்கும் பழக்கம் வந்த பின்னரே ஒருவர் ஆராய்ச்சிக்குத் தகுதியுடையவர் ஆகிறார். இப்பழக்கத்தை உண்டாக்குவது கலாசாலை ஆசிரியர்களின் வேலை மட்டுமே என்று நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் எண்ணுவது சரியன்று. அதில் ஒரு பாதி மூத்த விஞ்ஞானிகளைச் சேர்ந்தது. மற்றொரு பாதி கிராமத்தாரைச் சேர்ந்தது.

மூத்தவர் துணை இளையவருக்கு எவ்வளவு பயன்படும் என்பதற்குக் கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையமே சாட்சி. அந்நிலையம் 1912-ம் வருஷத்தில் ஏற்பட்டபொழுது அதன் தலைவராக இருந்தவர் டாக்டர் சி. ஏ. பார்பர். அவருக்குத் துணைவராக அமைந்தவர் பிற்காலத்தில் ‘சர்’ பட்டம் பெற்ற டி. எஸ். வெங்கடராமன். அக்காலத்தில் ஜாவாத் தீவிலிருந்து சர்க்கரை ஏராளமாக இந்தியாவில் இறக்குமதியாயிற்று. தடித்த இனிப்புக் கரும்பு வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்கவில்லை. அங்கே விளைந்த மெல்லிய கரும்பிலோ சாறு குறைவு. தடித்த கரும்பையும் காட்டு நாணற் கரும்பையும் கலந்து ஒட்டுச் சேர்க்கும் முயற்சி கோயமுத்தூரில் நடைபெற்றது. அதன் பலனாகிய ‘கோ. 205’ என்னும் ரகம் 1918-ல் வட இந்தியச் சாகுபடிக்கு வெளியிடப்பட்டது. பார்பர் ஓய்வு பெற்ற பின்னர் வெங்கடராமன் அவ்வேலையை ஏற்று நெடுங்காலம் நடத்தினார்.

இதில் கவனிக்கத் தக்கவை இரண்டு. முதலாவது, மூத்தவரும் இளையவரும் ஒரே பயிரின் மேல் பல வருஷங்கள் சேர்ந்து உழைத்தமை. இரண்டாவது, மூத்தவர் விலகியபொழுது வேலை நின்றுவிடாமல் அடுத்தவர் கைக்கு முழுமையாகச் சென்றமை. கரும்பு ஒட்டின் பலன் ஒரு பருவத்தில் தெரிவதன்று. வருஷந்தோறும் புதியவர் ஒருவர் வந்து முதலிலிருந்து தொடங்கியிருப்பின் அந்த ரகம் வெளிவந்திராது.

இவ்விஷயம் ஒடுகத்தூர்ப் பகுதிக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை இனி நோக்கலாம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. கீழே கிணற்றுப் பாசன நிலங்கள். மேலே பீஞ்சமந்தை, பலாம்பட்டு, ஜார்தான்கொல்லை முதலிய மலை ஊர்களில் மழையை நம்பிய சாமைக் கொல்லைகள். இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் மண்ணும் மழையும் பயிரும் மாறிவிடுகின்றன. இளம் விஞ்ஞானி ஒருவருக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது. விரிஞ்சிபுரத்தில் விவசாயப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் சிறுதானியங்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, ‘ஏ.டி.எல். 1’ என்னும் சாமை ரகம் அங்கிருந்து 2019-ல் வெளிவந்தது. ஆகவே நிலையங்களுக்குக் குறைவில்லை. அங்கு வேலைக்கு வரும் இளைஞரைப் பக்குவப்படுத்தும் ஏற்பாடே போதாது.

வரிசை விதைப்பே சிறந்தது என்று படித்து வந்த இளைஞர், கல் நிறைந்த மலைச் சரிவில் குடியானவர் கைவிதைப்பாகத் தூவுவதைக் கண்டு அதனை அறியாமை என்று எண்ணக்கூடும். விதைப்புக் கருவி அச்சரிவில் ஏறாது என்பதையும், முதல் மழையின் ஈரம் காயுமுன் விதைத்து முடிக்க வேண்டிய அவசரத்தையும் எடுத்துச் சொல்லுவோர் வேண்டும். அதே சமயத்தில், களை மிகுந்து மகசூல் குறைகிறது என்று இளைஞர் கூறுவாராயின் அதையும் குடியானவர் பொறுமையுடன் கேட்க வேண்டும். இவ்விரண்டு பேச்சும் சந்திக்கும் இடத்தில்தான் புதிய ஆராய்ச்சி பிறக்கிறது.

‘கிராமத் தங்கல்’ திட்டத்தில் வரும் மாணவர்கள் சில நாட்கள் இருந்து, படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்னும் குறை ஊர்களில் சொல்லப்படுகிறது. இதில் நியாயம் உண்டு. ஆனால் குறை மாணவர்களுடையதன்று. அவர்களை அழைத்து வந்து உடனிருந்து விளக்குவோர் இல்லாமையே காரணம். 2024 நவம்பரில் பயிர்களை மின்னணு முறையில் கணக்கெடுக்கும் பணிக்கு இம்மாநிலத்து விவசாயக் கல்லூரி மாணவர்கள் அனுப்பப்பட்டபொழுது பல ஆட்சேபங்கள் எழுந்தன. சர்வே எண்ணையும் பயிரின் பெயரையும் பதிவதால் கணக்கு நிரம்பும்; இந்தப் பயிர் இந்த நிலத்தில் ஏன் நிற்கிறது என்று விசாரிக்கக் கற்பிக்காவிடில் அறிவு நிரம்பாது. கற்கவேண்டிய பருவத்தைக் கூலி வேலைக்குச் செலவிடுதல், விதை நெல்லைக் குத்தி உண்பதற்கு ஒப்பாகும்.

ஆதலால் மூன்று காரியங்கள் செய்யத் தக்கவை. முதலாவதாக, ஆராய்ச்சி நிலையத்தில் புதிதாகச் சேரும் ஒவ்வோர் இளைஞரையும் ஒரு மூத்த விஞ்ஞானியின் பொறுப்பில், குறைந்தது மூன்று சாகுபடிப் பருவங்களுக்கு, ஒரே பகுதியில் விட்டுவைக்க வேண்டும். மூத்தவர் மாதம் ஒரு முறையேனும் அவருடன் வயலுக்குச் சென்று, அவர் எழுதிய குறிப்புகளை அங்கேயே படித்துத் திருத்துதல் அவசியம். இளையவர் கண்டறிந்தது இளையவர் பெயராலேயே வெளிவருவது நியாயம்.

இரண்டாவதாக, வசதியுள்ள நிலச்சுவான்தார் ஒவ்வொருவரும் 10 சென்ட் நிலத்தைச் சோதனைக்கென ஒதுக்கி, பக்கத்திலேயே தம் வழக்கமான ரகத்தையும் விதைத்து ஒப்பிட்டுக் காட்டலாம். சோதனை தவறினால் இளைஞரைப் பழிப்பதை விட்டு, தவறியதன் காரணத்தை அவருடன் ஆராய்வதே உதவியாகும். அச்சிறு துண்டில் ஏற்படும் நஷ்டத்தை நிலையம் ஈடு செய்வது முறை. ஏழைக் குடியானவரின் நிலத்தில் இது இன்னும் கண்டிப்பாக வேண்டும்.

மூன்றாவதாக, கிராம நிர்வாக அதிகாரியும் ஊராட்சித் தலைவரும் ஊருக்கு ஒரு விவசாயக் குறிப்புப் புத்தகம் வைத்து, மழை பெய்த நாள், விதைத்த நாள், கண்ட பூச்சி, நோய், விளைந்த அளவு இவற்றைப் பதிவு செய்துவரலாம். இளைஞர் மாற்றலாகிப் போனாலும் அவர் கற்றது ஊரிலேயே தங்கும். அடுத்து வருபவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு மலையிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஜனங்கள் ஒடுகத்தூரில் கூடுகிறார்கள். அன்று மூத்தவரும் இளையவரும் ஒரு மேசை போட்டு அமர்ந்து குடியானவர்களின் கேள்விகளைக் கேட்பதற்கு அதிகச் செலவு பிடிக்காது.

இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டபொழுது, ஆராய்ச்சி குடியானவரின் வாசலுக்கு வரவேண்டும் என்பதே நோக்கமாயிருந்தது. வாசலுக்கு வந்தவரை உள்ளே அழைத்து, நிலத்தைக் காட்டி, தெரிந்ததைச் சொல்லி அனுப்புவது வீட்டுக்காரரின் முறை. இன்று ஒடுகத்தூர்க் கொல்லையில் கேள்வி கேட்கப் பழகிய இளைஞரே, இன்னும் பத்து வருஷத்தில் இப்பகுதிச் சாமைக்கும் நிலக்கடலைக்கும் வரக்கூடிய நோய்க்கு விடை தேடப்போகிறவர். அவரைத் தயார் செய்ய வேண்டிய காலம் நோய் வந்த பின் அன்று. வருகிற ஆடிப் பட்டமே.