இல்ல நலம்: வறட்டு இருமலும் அடுக்களை மருந்தும்

பெப்ரவரித் திங்கள் 3ஆம் நாள் புனித பிளாசியாரின் நினைவு நாள். ஆசீர்வதிக்கப்பட்ட இரு மெழுகுதிரிகளைக் குறுக்காகப் பிடித்துக் குருவானவர் நம் தொண்டையருகே வைத்துச் செபிக்கும் நாள் அது. சோழவந்தான் வட்டாரத்தில் அக்காலம் நெல் அறுவடைக் காலமுமாகும். வைகைக் கரையின் பனியும் களத்து மேட்டின் தூசியும் சேர்ந்துகொள்ள, இரவெல்லாம் இருமல் ஒலி கேளாத வீடு அரிது. "குழந்தைக்கு என்ன கொடுக்கலாம்?" என்று தாய்மார் கேட்பதும் இந்நாள்களில்தான்.

சளியின்றி வரும் இருமலையே வறட்டு இருமல் என்கிறோம். தொண்டையின் மெல்லிய சவ்வு வறண்டு புண்பட்டிருக்கையில், சிறு தூசியும் குளிர்காற்றும் அங்குள்ள நரம்புகளைத் தூண்டிவிடுகின்றன. ஆகவே தொண்டையை ஈரமாக வைத்திருப்பதே முதல் மருந்து.

இதை மறந்து, கடையில் கேட்டு வாங்கிய மருந்துப் புட்டியை நாடுவோர் பலர். 2025ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நாம் மறத்தலாகாது. நம் தமிழகத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தை உட்கொண்டு, மத்தியப்பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருத்தலாகாத டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு அதில் 48.6 விழுக்காடு இருந்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல் மருந்து எழுதித் தரலாகாது என்றும், ஐந்து வயது வரையிலும் பொதுவாக அது வேண்டாம் என்றும் மத்திய அரசு அப்போது மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது.

அப்படியாயின் எதைக் கொடுப்பது? தேனை முதலில் சொல்வோம். அது தொண்டையில் படலமாய்ப் படிந்து எரிச்சலைத் தணிக்கும். 2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 105 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், படுக்கைக்குப் போகுமுன் தந்த தேன் இரவு இருமலைத் தணித்து, உறக்கத்துக்கும் உதவியதாகப் பெற்றோர் கூறினர். அரைக் கரண்டி முதல் ஒரு கரண்டி வரை போதும். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாவில் ஒரு துளித் தேனும் தடவலாகாது. கொடிய நச்சு நோய்க்கு அது காரணமாகக்கூடும்.

அடுத்து, 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற நம் சோழவந்தான் வெற்றிலை. கொடிக்காலில் பறித்த இளம் வெற்றிலை இரண்டும் மிளகு நான்கும் தட்டி, ஒரு குவளை நீரிலிட்டுப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டி, ஆறியபின் தேன் கலந்து அருந்துவது நம் பாட்டிமார் கைமருந்து. இது பெரியவர்களுக்கே உரியது. அதே வெற்றிலையைப் பாக்கோடும் புகையிலையோடும் மெல்லுவது மருந்தன்று. பாக்கு மட்டுமே புற்றுநோய்க்கு வித்தாகும் என உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்துள்ளது.

இரவில் மஞ்சள் தூளும் மிளகுத் தூளும் பனங்கற்கண்டும் இட்ட சூடான பால், நண்பகலில் தூதுவளை ரசம், காலையில் இஞ்சியும் துளசியும் கொதித்த நீர் ஆகியன இதமளிப்பவை. நீரிழிவு உள்ளோர் தேனையும் கற்கண்டையும் குறைத்துக்கொள்க. அதிமதுரத்தைச் சிறு துண்டாக வாயிலடக்கலாம். ஆயினும் இரத்த அழுத்தம் உள்ளோரும் கருவுற்ற தாய்மாரும் அதைத் தவிர்க்க வேண்டும். இளஞ்சூடான உப்புநீரால் தொண்டையைக் கொப்பளிப்பது, விழுங்காமல் கொப்பளிக்கத் தெரிந்த அனைவருக்கும் நல்லது. ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்கோ தாய்ப்பாலே போதுமான பானம்.

இவையெல்லாம் இதம் தருபவை. நோயின் வேரை அறுப்பவை அல்ல. இருமல் இரண்டு வாரங்களைக் கடந்தாலும், மாலைக் காய்ச்சலோ உடல் மெலிவோ இரத்தமோ கண்டாலும் தாமதியாமல் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். குழந்தைக்கு மூச்சு இரைத்தாலோ, மூச்சிழுக்கையில் விலாவின் கீழ் குழி விழுந்தாலோ கசாயம் காய்ச்சிக்கொண்டிராமல் அக்கணமே புறப்படுக. இரத்த அழுத்த மாத்திரைகளுள் சிலவும் வறட்டு இருமலைத் தரும். அந்த ஐயம் எழுந்தால் தாமாகவே நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கூறுக.

மருத்துவரை மதிக்கவும், நிலத்தினின்று ஆண்டவர் தரும் மருந்தை இகழாதிருக்கவும் சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரத்தில் நமக்குக் கற்பிக்கிறது. புனித பிளாசியாரும் ஆயராகுமுன் மருத்துவராயிருந்தவர் என்பது மரபு. எனவே மெழுகுதிரி ஆசீரைப் பெற்றுத் திரும்பும் நாம், அடுக்களையில் அடுப்பையும் மூட்டுவோம். வேண்டிய வேளையில் மருத்துவமனை வாயிலையும் மிதிப்போம். இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.