பொட்டலம் கட்டுறதும் இன்ஜினியரிங்தான்

நம்ம ஐ.டி. ஜனங்களிடம் எழுதப்படாத ஒரு வரிசை இருக்கு. கோடு எழுதுகிறவர்களுக்கு முதல் பந்தி. டெஸ்டிங்குக்கு இரண்டாவது பந்தி. எழுதி முடித்த சரக்கை பேக்கேஜ் கட்டி ரிலீஸ் பண்ணுகிற கோஷ்டிக்குக் கடைசிப் பந்தி. இந்த வரிசை தப்பு என்பது என் கட்சி. அதுவும் டேட்டாபேஸ் மென்பொருளில் ரொம்பவே தப்பு.

தங்கமணியின் அக்கா பையன் ஐதராபாத்தில் டேட்டாபேஸ் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறான். ரிலீஸ் டீமில் போட்டுவிட்டார்கள். நாக்பூரிலிருந்து அக்கா போன். "என்ன தம்பி, பி.இ. படிச்ச பையனைப் பொட்டலம் கட்ட உட்கார வெச்சுட்டாங்களாமே?" பையனும் அதே சோகத்தில்தான் இருந்தான். "சித்தப்பா, வேற டீமுக்கு மாத்திக் கேட்கட்டுமா?" புனேயில் இருபது வருஷமாக டேட்டாபேஸோடு பொட்டி தட்டும் நான் சொன்ன பதில், "ரெண்டு வருஷம் அங்கேயே இரு". ஏன் அப்படிச் சொன்னேன் என்று வீட்டில் எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதி வைக்கிறேன்.

உதாரணத்துக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை எடுத்துக்கொள்வோம். மூல நிரல் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அதை அப்படியே எடுத்து கம்பைல் செய்து ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் எல்லோரும் ரெடிமேட் பேக்கேஜை இறக்கி நிறுவுகிறவர்கள். அங்கேதான் வீட்டுக்கு வீடு வாசப்படி. டெபியன், உபுண்டுவில் நிறுவினால் டேட்டாபேஸ் தானே உருவாகி ஓடவும் ஆரம்பித்துவிடும். அமைப்புக் கோப்புகள் ஒரு பக்கம், தரவு இன்னொரு பக்கம். ரெட் ஹேட் வகையறாவில் நிறுவினால் சும்மா உட்கார்ந்திருக்கும். நீங்கள் கட்டளை கொடுத்து உருவாக்கி, பிறகு ஓட்ட வேண்டும். அமைப்புக் கோப்பும் தரவோடு ஒரே இடத்தில் கிடக்கும். விண்டோஸ் கதை இன்னும் வேறு. 2005 ஜனவரியில் 8.0 வரும்வரை விண்டோஸில் ஓட்ட சிக்வின் என்ற ஒட்டுத்திண்ணை வேண்டும். 8.0-க்குப் பிறகுதான் அது விண்டோஸின் சொந்த சர்வீஸாக ஓடியது.

இப்போது கணக்கைப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு பெரிய பதிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருஷ ஆதரவு. ஆக எந்த நேரமும் ஐந்து பதிப்புகள் உயிரோடு இருக்கும். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று மூன்று மாசத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றுக்கும் பிழைதிருத்தம். எட்டு இயங்குதளம், இன்டெல், ஆர்ம் என்று இரண்டு வகை சிப் என்று வைத்துக்கொண்டாலே 80 பேக்கேஜ். அதுவும் எல்லாம் ஒரே நாளில் வெளிவர வேண்டும். பாதுகாப்பு ஓட்டையை அடைத்த செய்தி வெளியானால் ஓட்டை எங்கே இருந்தது என்பதும் ஊருக்கே தெரிந்துவிடும். உபுண்டுக்காரருக்கு இன்று, விண்டோஸ்காரருக்கு அடுத்த வாரம் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அறிவிப்புக்குச் சில நாள் முன்பே மூலத்தைக் கட்டி, பேக்கேஜ் செய்கிறவர்கள் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

இதில் மூளைக்கு என்ன வேலை என்று கேட்டால் இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

முதலாவது, 2024 நவம்பர் 14. போஸ்ட்கிரெஸ் 17.1 வந்தது. உள்ளே ஒரு தரவு அமைப்பின் அளவு கொஞ்சம் மாறியிருந்தது. நிரலாகப் படித்தால் தப்பே தெரியாது. ஆனால் பழைய அளவுக்கு ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்த டைம்ஸ்கேல் போன்ற நீட்சிகள் புதிய சர்வரோடு ஓடும்போது கவிழும் அபாயம் வந்துவிட்டது. பாத்திரம் மாறிவிட்டது, மூடி பழசு. அதையும் வேறொரு கோளாறையும் சரிசெய்து ஒரே வாரத்தில், 21-ஆம் தேதி, 17.2 வெளியிட்டார்கள். கோடு சரியாக இருந்தால் போதாது, ஊரெல்லாம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த பைனரிகளோடும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இரண்டாவது, இதைவிட மோசம். லினக்ஸில் எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்று முடிவு செய்வது ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம். 2018 ஆகஸ்டில் வந்த அதன் 2.28 பதிப்பில் அடுக்கும் வரிசை மாறியது. டேட்டாபேஸின் இன்டெக்ஸ் பழைய வரிசைப்படி கட்டப்பட்டது. டெபியன் 9-இலிருந்து 10-க்கோ, ரெட் ஹேட் 7-இலிருந்து 8-க்கோ போனால், அதே டேட்டாபேஸ் புதிய வரிசைப்படி பழைய இன்டெக்ஸில் தேடும். அகராதியில் எழுத்து வரிசையை யாரோ மாற்றிவிட்டுப் போன மாதிரி. இருக்கிற பெயரை இல்லை என்று சொல்லும். ஒரே பெயர் இரண்டு தடவை வரக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தும் உள்ளே விட்டுவிடும். ஒரு எர்ரரும் வராது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் இது நடந்தது. சர்வரை மாற்றினார்கள், டேட்டாபேஸ் பதிப்பை மாற்றவில்லை. ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு கணக்கு முளைத்தது. மூன்று நாள் எல்லோரும் அப்ளிகேஷன் எழுதின பையன்களைத் திட்டித் தீர்த்தார்கள். நிரலில் ஒன்றுமே இல்லை. இன்டெக்ஸ்களைத் திரும்பக் கட்டி, இரட்டைக் கணக்குகளைக் கையால் பிரித்து முடிக்க இன்னும் ஒரு வாரம் ஆனது. பேக்கேஜ் விஷயம் தெரிந்த ஒரே ஒரு ஆளை முதல் மீட்டிங்கில் உட்கார வைத்திருந்தால் இத்தனையும் மிச்சம்.

"இப்பத்தான் டாக்கர் இருக்கே, கிளவுட் இருக்கே" என்பார்கள். இருக்கட்டும். டாக்கர் என்பதே இன்னொரு பொட்டலம்தான். போஸ்ட்கிரெஸின் டாக்கர் இமேஜ் டெபியன் மேலும் உண்டு, ஆல்பைன் மேலும் உண்டு. இரண்டிலும் அடிப்படை நூலகம் வேறு. அடியில் இருப்பது மாறினால் அதே அடுக்கு வரிசைச் சிக்கல் சத்தம் போடாமல் வந்து நிற்கும். கிளவுடில் அந்த வேலையை வேறு யாரோ செய்கிறார்கள், அவ்வளவுதான். வேலை ஒழியவில்லை. இந்தத் தலைவலி தாங்காமல்தான் 2024-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 17, இயங்குதளத்தை நம்பாமல் தானே அடுக்கிக்கொள்ளும் ஒரு வசதியைச் சேர்த்தது.

மூட்டை கட்டுகிற இடம் எவ்வளவு முக்கியம் என்பது திருடனுக்குக்கூடத் தெரிந்திருக்கு :-) 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட் என்ற சுருக்கும் மென்பொருளில் கள்ளக்கதவு வைத்த ஆசாமி, அதைத் திறக்கும் துண்டை எல்லோரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் வைக்கவில்லை. ரிலீஸ் மூட்டைக்குள் மட்டும் சொருகினான். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் எழுதுகிறவர்களில் ஒருவர். டெபியனில் வேக சோதனை செய்துகொண்டிருந்தபோது, லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டிப் பார்த்தார்.

ஆகவே கம்பெனிக்காரர்களுக்கு நான் சொல்வது மூன்று. ரிலீஸ் ஆளை டிசைன் பேசும்போதே கூப்பிடுங்கள். அப்ரைசலில் "இன்ஸ்டால் பண்ணினான்" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் டேட்டாபேஸை வைத்துச் சம்பாதிக்கிறீர்கள் என்றால், அதைப் பேக்கேஜ் செய்கிறவர்களுக்குப் பணமாகவோ உங்கள் ஆட்களின் நேரமாகவோ கொஞ்சம் கொடுங்கள்.

வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு ஒன்றே ஒன்று. ஊரிலிருந்து ஊறுகாய் ஜாடியை ரயிலில் நாக்பூர் வரை சிந்தாமல் கொண்டுவந்தவர்களுக்கு, கட்டுகிற கையின் அருமையை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஐ.டி.யில் இருக்கிறவர்கள், அடுத்த தடவை "சர்வரை மட்டும்தான் மாத்துறோம், டேட்டாபேஸைத் தொடலை" என்று யாராவது சொன்னால் உடனே கேளுங்கள்: "இன்டெக்ஸை எப்ப சார் திரும்பக் கட்டப் போறீங்க?" பதில் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.