சண்டேயும் மண்டேயும் சொல்லும் பாடம்

ஞாயிற்றுக்கிழமைக்கு ஆங்கிலத்தில் 'சண்டே', திங்கட்கிழமைக்கு 'மண்டே'. இரண்டு சொற்களிலும் முதலில் வரும் உயிரொலி ஒன்றேதான். ஆனால் எழுதும்போது முன்னதில் 'யூ' எழுத்தையும் பின்னதில் 'ஓ' எழுத்தையும் போடுகிறோம். இது மட்டுமா? இரத்தத்தைக் குறிக்கும் 'பிளட்', பாதத்தைக் குறிக்கும் 'ஃபுட்', நிலாவைக் குறிக்கும் 'மூன்', கதவைக் குறிக்கும் 'டோர்' ஆகிய நான்கு சொற்களிலும் 'ஓ' எழுத்து இரட்டையாக நிற்கிறது. ஒலியோ நான்கு விதம்!

ஏன் இந்தக் குழப்பம்? 1476-ல் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தில் முதல் அச்சகத்தை நிறுவினார். அச்சு பரவப் பரவ, எழுத்துக்கூட்டல் உறைந்து நின்றுவிட்டது. ஆனால் அதே காலத்தில் மக்களின் நாவில் உயிரொலிகள் இடம் பெயர்ந்துகொண்டிருந்தன. எழுத்து நின்றது, ஒலி நடந்தது. தென் இங்கிலாந்து வழக்கில் இன்று 5 உயிரெழுத்துகள் சுமார் 20 உயிரொலிகளைச் சுமக்கின்றன. எழுத்தைப் பார்த்து ஒலியை ஊகிக்கும் மாணவன் தடுமாறினால், குற்றம் அவனுடையதன்று.

இதற்கு மருந்து கண்டுபிடித்து நெடுநாளாகிறது. 1886-ல் பாரிஸ் நகரில் பால் பாஸி என்ற பிரெஞ்சுக்காரரும் வேறு சில மொழியாசிரியர்களும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தனர். 'ஓர் ஒலிக்கு ஒரு குறி' என்பது அவர்கள் வகுத்த கொள்கை. அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில், இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே காணப்படும் விசித்திர எழுத்துகள் அந்தக் குறிகளே. அவை பண்டிதர்களுக்காக மட்டும் பிறந்தவை அல்ல. பள்ளிப் பிள்ளைகள் அயல்மொழியைச் சரியாகப் பேசவேண்டும் என்பதற்காகவே பிறந்தவை. ஆனால் நம் மாணவர்களில் பெரும்பாலோர் அந்தச் சாய்கோடுகளைத் தாண்டிக் குதித்து, பொருளை மட்டும் பார்த்துவிட்டு அகராதியை மூடிவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் மாறவேண்டும் என்பதே என் கருத்து.

இயற்பியல் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? உயிரொலி என்பதே ஓர் இயற்பியல் நிகழ்ச்சிதான். ஒரு சிறு பரிசோதனை செய்து பாருங்கள். 'ஈ', 'ஆ', 'ஊ' என்று கிசுகிசுப்பாகச் சொல்லுங்கள். அப்போது குரல்வளை அதிர்வதில்லை. இருந்தும் மூன்றும் வெவ்வேறாகவே கேட்கின்றன அல்லவா? காரணம், நாக்கும் உதடும் நகரும்போது வாய்க்குள் இருக்கும் காற்றறையின் வடிவம் மாறுகிறது. பாட்டிலில் நீர் நிரம்பும்போது ஓசை மாறுவதைப் போல, அறையின் ஒத்ததிர்வுகளும் மாறுகின்றன.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பீட்டர்சன், பார்னி என்ற இருவர் இந்த ஒத்ததிர்வுகளை அளந்து 1952-ல் வெளியிட்டனர். ஆண்களின் சராசரியைப் பாருங்கள். ஆட்டைக் குறிக்கும் 'ஷீப்' என்பதன் உயிரொலிக்கு முதல் இரண்டு ஒத்ததிர்வுகள் 270, 2290 ஹெர்ட்ஸ். கப்பலைக் குறிக்கும் 'ஷிப்' என்பதற்கு 390, 1990. ஆகவே 'ஷிப்' என்பது வெறுமனே குறுக்கிய 'ஷீப்' அன்று. அது வேறு ஒலி. டேனியல் ஜோன்ஸ் 1917-ல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி இவ்விரண்டுக்கும் ஒரே எழுத்தை வைத்து, நெடிலுக்கு மட்டும் இரண்டு புள்ளிகள் சேர்த்தது. கிம்சன் பதிப்பித்த 1977-ஆம் ஆண்டுப் பதிப்பில் இரண்டுக்கும் வெவ்வேறு எழுத்துகளே வந்துவிட்டன.

"உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். போதாது. 'கேட்' என்று தமிழில் எழுதினால் அது பூனையா, வாயிற்கதவா? டாக்டர், ஆபீஸ், காலேஜ், காபி ஆகியவற்றின் முதல் உயிரைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் நான்கிலும் 'ஓ' எழுத்து. நம் நாவில் நான்கும் 'ஆ'. ஆங்கிலேயர் சொல்லும் ஒலி இரண்டுமே அன்று. அந்தக் குற்றொலி தமிழில் இல்லாததால், நாம் அருகிலிருந்த 'ஆ'வைப் பிடித்துக்கொண்டோம். தமிழ் எழுத்து தமிழ் ஒலிக்காக அமைந்தது. அது அதன் பெருமையே தவிரக் குறை அன்று.

இப்போது கைப்பேசியே சொல்லை உச்சரித்துக் காட்டுகிறது, குறி எதற்கு என்பது அடுத்த கேள்வி. பழகாத காது புதிய ஒலியையும் தனக்குத் தெரிந்த ஒலியாகவே கேட்கிறது. எதைக் கேட்கவேண்டும் என்று காதுக்குச் சொல்லிக்கொடுப்பது குறிதான். சினிமா, டீச்சர், டாக்டர் மூன்றின் கடைசி உயிரொலியும் லண்டன் வழக்கில் ஒன்றே. கவிழ்த்துப் போட்ட சிறிய 'ஈ' எழுத்து அதன் குறி. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி அதுதான். ஆனால் அதற்கென்று தனி எழுத்து நெடுங்கணக்கில் இல்லை! குற்றியலுகரம் படித்த நமக்கு இது வியப்பாக இருக்கக்கூடாது. எழுத்தில் 'உ', ஒலியில் அரை மாத்திரை என்று பிரித்துக் காட்டியவர்கள் நம் இலக்கண ஆசிரியர்கள்.

நாம் லண்டன்வாசிகளைப் போலப் பேசவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்காட்லாந்துக்காரர் பலர் 'ஃபுட்', 'மூன்' இரண்டுக்கும் ஒரே உயிரொலியைத்தான் தருகிறார்கள். குறி என்பது கட்டளை அன்று, வரைபடம். எந்த வழியில் போவது என்பது உங்கள் விருப்பம்.

ஆனால் கற்கும் முறை முக்கியம். ஒரு பக்கம் குறி, மறுபக்கம் சொல், நடுவே கோடு என்று இணைத்துவிட்டு மனப்பாடம் செய்வது வீண். ஒரு நோட்டில் குறிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அன்றாடம் காதில் விழும் சொற்களை அகராதியில் பார்த்து, உரிய பக்கத்தில் எழுதி வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு ஆசிரியரையோ நண்பரையோ 'ஷிப்', 'ஷீப்' இரண்டையும் மாற்றி மாற்றி 20 முறை சொல்லச் சொல்லி, எது என்று கண்டுபிடியுங்கள். 10 முறை சரியென்றால் அது வெறும் ஊகம். நாணயம் சுண்டினாலும் அவ்வளவு கிடைக்கும். 18, 19 என்றால் காது கற்றுவிட்டது!

வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைக்கு இந்த ஒலிகள் காற்றிலேயே கிடைத்துவிடுகின்றன. மற்றப் பிள்ளைகள் கேலிக்கு அஞ்சி, விடை தெரிந்தும் வகுப்பில் வாய் திறக்காமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பள்ளி நூலகத்தில் ஓர் அகராதியும் சுமார் 20 குறிகளும்தான். 8-ஆம் வகுப்பைத் தாண்டும் ஒவ்வொரு மாணவருக்கும் இவற்றைக் காதால் கேட்டுப் பழகும் வாய்ப்பைப் பள்ளிகள் தரவேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, நண்பர்களே! இன்றே அகராதியைத் திறந்து, முதலில் அந்தச் சாய்கோடுகளுக்கு நடுவே பாருங்கள்.